ஊதா உறை

அகத்தாவிடம் யாரும் "என்னை நம்புங்க" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்த நிமிடத்திலிருந்தே அவர்மேல் அவளுக்குச் சந்தேகம் தொடங்கிவிடும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. செர்டாங்குக்கு அடுத்த செம்பனைத் தோட்டத்தில் லோரித் தராசு அவள் பொறுப்பு. குலைக்கு அடியில் மணலைக் கொட்டி வருகிறவன், தண்ணீர் அடித்துக் கனம் கூட்டுகிறவன், லோரி நிற்கும்போது தராசில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறவன் என்று எல்லா மகராசன்களையும் பார்த்துவிட்டவள். சம்பளம் வாங்குவதே சந்தேகப்படுவதற்குத்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள் கணவன் டெஸ்மண்ட்.

அப்படிப்பட்டவள் குடும்பத்திலேயே சில வாரங்களுக்கு முன் ஒரு பொருள் காணாமல் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மகள் ஸ்டெஃபனிக்கு உறுதிபூசுதலின்போது ஞானத்தாய் போட்ட தங்கச் செயின், குட்டிச் சிலுவையோடு. நாத்தனார் எவலின் குடும்பத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குக் கருவாடு வாங்கப் போன அன்று, கழுத்து கசகசக்கிறது என்று ஸ்டெஃபனி அதைக் கழற்றிக் கைப்பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இல்லை. அகத்தா அழுதாள், அரற்றினாள். டெஸ்மண்ட்தான், "போனது போகட்டும் விடு அகத்தா, மீன் கடையில விழுந்திருக்கும்" என்று சொல்லிச் சொல்லி அவளை ஆற்றினான்.

அந்தப் புண் ஆறுவதற்குள் வியாழக்கிழமை லேப்டாப் படுத்துவிட்டது.

சாதாரண லேப்டாப் இல்லை. கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் கனத்த மிஷின். அனிமேஷன் படித்த ஸ்டெஃபனிக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. பினாங்கில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுப்பதற்கு முன் அரை நிமிடப் படம் ஒன்று செய்து காட்டச் சொல்லியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். படம் முக்கால்வாசி முடிந்த நிலையில் சார்ஜரிலிருந்து ஒரு தீய்ந்த வாடை வந்தது. அத்தோடு எல்லாம் இருட்டு.

இன்று சனிக்கிழமை. தாயும் மகளும் கூலிமில் முகுந்தனின் கணினிக் கடையில் நின்றார்கள். டெஸ்மண்ட் காரிலேயே இருந்துவிட்டான்.

முகுந்தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு லேப்டாப்பை இப்படியும் அப்படியும் திருப்பினான். "மிஷினுக்கு ஒண்ணுமில்லக்கா. சார்ஜர்தான் போச்சு. நம்புங்க."

அகத்தா கண்களைச் சுருக்கினாள்.

"இங்க பாருங்க, அடியிலயே எழுதியிருக்கு. பத்தொம்பதரை வோல்ட், பதினொண்ணு புள்ளி எட்டு ஆம்பியர். வோல்ட் ஒத்துப் போகணும். ஆம்பியர் கூடினா தாக் அபா, பரவால்ல, குறையக் கூடாது. ஊசி முனையும் இதே சைஸா இருக்கணும். அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா ஒண்ண எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே? ஏன் ரெண்டு எடுத்து வைக்கிறீங்க?"

"ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு. கம்பெனி சாமானே வேணும்னா ஆர்டர் போடணும், புதன்கிழமை வரும்."

"புதன்கிழமையா! நாளைக்கு மதியம் அண்ணே" என்றாள் ஸ்டெஃபனி. அவள் குரல் உடைந்தே போயிருந்தது.

அகத்தா முதலில் புதியதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே உள்ளங்கையில் இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். தராசு இல்லாத இடத்தில் அவளுக்குக் கைதான் தராசு.

"எழுத்து என்னமோ இருநூத்து முப்பது வாட்டுன்னுதான் சொல்லுது. கை அப்படிச் சொல்லலியே."

முகுந்தன் சிரித்தான். "அக்கா, இது பழக்குலை இல்ல லா."

"அம்மா சொல்றது சரிதான்" என்றாள் ஸ்டெஃபனி. "இவ்வளவு லேசா இருந்தா உள்ள என்னத்த வெச்சிருப்பான்? சிரிம் தர முத்திரை ஸ்டிக்கர்கூட இல்ல. இதப் போட்டு மிஷினையும் சேத்து எரிக்கவா? பழசக் காட்டுங்க."

பழையது செங்கல்லில் பாதி கனம் இருந்தது. எழுத்தும் பொருந்தியது, ஸ்டிக்கரும் இருந்தது. ஸ்டெஃபனியின் முகத்தில் அன்று முதன்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அகத்தா விட்டால்தானே?

"இதோட லேப்டாப் எங்க?"

"அதுல தண்ணி ஊத்திருச்சுக்கா. போர்டு போச்சு, இது மட்டும் நல்லாருக்கு."

"யாரோட லேப்டாப்?"

"கஸ்டமர் ஒருத்தரோடது."

"நீங்க இத விக்கிறது அவருக்குத் தெரியுமா?"

முகுந்தன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டான். "அவரே போட்டுட்டுப் போனதுக்கா. எடுத்துட்டுப் போங்க. ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க, ஒத்து வரலன்னா திருப்பிக் கொடுத்துடுங்க. சரி, உங்க பழைய சார்ஜரக் கொடுங்க, எதுக்கும் ஊசிய ஒத்துப் பாத்துடலாம்."

ஸ்டெஃபனி பையிலிருந்து எடுத்து வைத்ததைப் பார்த்ததும் அவன் வாய்விட்டுச் சிரித்தான். "என்ன தங்கச்சி, சார்ஜருக்குச் சட்டை போட்டிருக்கு?"

அதுவும் அகத்தாவின் கைவண்ணம்தான். பல்லி, தூசி, எறும்பு மூன்றிடமிருந்தும் வீட்டுச் சாமான்களைக் காப்பாற்றுவதற்கு அவள் எல்லாவற்றுக்கும் உறை தைத்துவிடுவாள். ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, செபக் குழுவின் மைக் சாமான்களுக்கும் உறை. கோயில் பீடத்துக்குத் தவக்காலத் துணி தைத்தபோது மிஞ்சிய ஊதாத் துணி ஒரு மூட்டை அவளிடம் இருந்தது. சார்ஜருக்குப் போட்ட உறையை நான்கு பக்கமும் நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தாள். இரண்டு வயர் மட்டும் இரு முனையிலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இதுக்குக் காத்து வேணும். இப்படிப் போர்த்தி வெச்சா வெந்து போகாதா?" முகுந்தன் பிளேடால் தையலைப் பிரித்தான். உறையை உருவினான். எழுத்தைப் படித்தவன் சிரிப்பை நிறுத்தினான். மறுபடியும் லேப்டாப்பின் அடியைப் பார்த்தான்.

"தங்கச்சி, இது உங்களோடதே இல்ல."

"என்ன?"

"இது பத்தொம்பது வோல்ட், ஆறு புள்ளி மூணு ஆம்பியர். இதப் போட்டு இந்த மிஷின ஓட்டினது மாடு இழுக்கிற வண்டிய ஆட்டுக்குட்டி இழுத்த கதைதான். எத்தன நாள் தாங்கும்?"

"அதான்!" ஸ்டெஃபனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதான் இந்த வாரம் பூரா மிஷின் ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. பிளக்ல மாட்டியிருந்தும் பேட்டரி இறங்கிக்கிட்டே போச்சு. நான் சாஃப்ட்வேரத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அகத்தா அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு நினைவிருந்தது. உறை தைத்த அன்று மடியில் கிடந்த சார்ஜர் இதைவிட நல்ல கனம்.

யாரோ மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து, மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை யார் வந்தது? எவலினின் மகன் ரோனால்ட். அத்தை செய்த முறுக்கு வேண்டும் என்று வந்தான். மழை தூறியது என்று அவள் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனபோது கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனிடமும் இதே மாதிரி கேம் லேப்டாப் ஒன்று உண்டு.

"ரோனால்ட்" என்றாள் அகத்தா.

"மா, சும்மா இருங்க. உறைய யாரும் பிரிக்கவே இல்ல. அவனுக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது."

"அவன் அம்மாவுக்குத் தெரியும்ல? எவலின் அண்ணி கிட்ட இதே ஊதாத் துணி இருக்கு. நான்தான் மீட்டர் கணக்குல கொடுத்தேன்."

அம்மாவின் மூளை ஓடுகிற வேகத்துக்கு எந்தச் சார்ஜரும் போதாது என்று ஸ்டெஃபனி நினைத்துக்கொண்டாள். வெளியே சொன்னது வேறு. "மா, பிளீஸ். அத அப்புறம் பேசலாம். இந்தப் பழச எடுத்துட்டுப் போவோம்."

"எதுக்கு? நம்ம பொருள் உன் அத்தை வீட்டுல இருக்கு. இன்னிக்குச் சாயந்திரம் செபம் அங்கதான். வாங்கிட்டு வரேன்."

"அங்க இல்லன்னா?"

"இருக்கும். நீ வா."

ஸ்டெஃபனி கடைசியாக ஒருமுறை அந்தக் கனமான பழைய சார்ஜரைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. முகுந்தன் அதைச் சத்தமில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்ப வைத்தான்.

கார் கூலிமைத் தாண்டியது. பிறகு அகத்தா ஆரம்பித்தாள்.

"ஏங்க, கேட்டீங்களா? உங்க அக்கா மகன்தான் எடுத்திருக்கான்."

டெஸ்மண்ட் பிரேக்கை ஒரு மிதி மிதித்தான். பின்னால் வந்த மோட்டார்காரன் ஹாரனை அலறவிட்டு, திட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

"எத?"

"எதன்னா? சார்ஜரத்தான்."

"சார்ஜரா..." டெஸ்மண்ட் மூச்சை விட்டான். கார் மெல்ல நகர்ந்தது. "சேச்சே. அவன் சார்ஜரெல்லாம் எடுக்க மாட்டான்."

தராசில் ஊன்றிய கால்விரலைக்கூடக் கண்டுபிடிக்கிற அகத்தா, அப்போது கணவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மாலையில் எவலினிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொற்களை அடுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

எவலின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மேசைமேல் மாதா சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்தார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது இந்தக் குழுவின் வழக்கம். போன சனிக்கிழமை அகத்தா வீட்டில் நடந்தது. மைக், ஸ்பீக்கர், பாட்டுப் புத்தகம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"இன்னிக்கு ஸ்பீக்கர் கணீர்னு கேக்குதே" என்றார் பாட்டு எடுத்துக் கொடுக்கும் பரஞ்சோதி. "போன மாசமெல்லாம் கரகரன்னு இருந்துச்சு."

அகத்தா காதில் எதுவும் ஏறவில்லை. ரோனால்ட் எங்கே என்று தேடினாள். வாசலோரம் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயசுப் பையன், வழக்கமாகத் தலையை நிமிர்த்திச் சிரிக்கிறவன், இன்று பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வரட்டும், அகப்படட்டும் என்று அகத்தா மனசுக்குள் கறுவினாள்.

எவலினைத் தனியாகப் பிடித்துக் கேட்கத்தான் நினைத்திருந்தாள். எவலின் ஆளுக்கொரு வேலை ஏவிக்கொண்டு கையில் சிக்கவே இல்லை. செபமும் தொடங்கிவிட்டது. ஆளாளுக்கு மன்றாட்டுச் சொல்லும் நேரம் வந்தது. நோயாளிகளுக்காக ஒருவர், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஒருவர். மைக் அகத்தா கைக்கு வந்தது.

அவள் கண்ணை மூடினாள்.

"அன்பான ஆண்டவரே, அடுத்தவங்க வீட்டுக்குள்ள உறவுன்னு சொல்லி வந்து, அவங்க பொருள எடுத்துட்டுப் போறவங்க மனச மாத்தும். எடுத்தத எடுத்த இடத்துலயே வைக்கிற நல்ல புத்திய அவங்களுக்கும், அவங்களப் பெத்தவங்களுக்கும் கொடுத்தருளும். ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூட்டம் பாட்டாகச் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு மூன்று பேர் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்டெஃபனி தலையைக் குனிந்து துப்பட்டாவுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ரோனால்ட் எழுந்தான். யாரையும் பார்க்காமல் வெளியே போனான். மோட்டார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! அகத்தா வெற்றியோடு எவலினைப் பார்த்தாள். எவலின் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. அவள் முறைக்கு மைக் வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துப் பக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

செபம் முடிந்து எல்லாரும் மீகூன் தட்டும் தேநீருமாகக் கலைந்தார்கள். எந்தக் கோபத்திலும் அகத்தா ஒரு வேலையை மட்டும் அடுத்தவரிடம் விட மாட்டாள். ஸ்பீக்கர் சாமான்களைப் பெட்டியில் அடுக்குவது அவள்தான். மற்றவர்கள் வயரை முறுக்கிவிடுவார்கள், ஒன்றை விட்டுவிடுவார்கள்.

சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். வயரைச் சுற்றிக்கொண்டே அடாப்டரைத் தூக்கினாள். ஊதா உறை.

கை நின்றுவிட்டது.

கனம். செங்கல்லில் பாதி.

அவள் இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள். பிறகு அங்கேயே பாயில் உட்கார்ந்து, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். தன் தையல்தான், சந்தேகமே இல்லை. உள்ளே இருந்த எழுத்து அவளைப் பார்த்தது. பத்தொன்பதரை வோல்ட். பதினொன்று புள்ளி எட்டு ஆம்பியர்.

போன சனிக்கிழமை அவள் வீட்டுக் கூடத்தில் ஸ்டெஃபனி லேப்டாப்பை டிவியில் மாட்டிப் பாட்டு வரிகளைக் காட்டினாள். பக்கத்திலேயே ஸ்பீக்கர். இரண்டு ஊதா உறைகளும் ஒரே பிளக் கட்டையில் ஒட்டிக் கிடந்தன. "யாரும் தொடாதீங்க, நான் அடுக்கிக்கிறேன்" என்று சொன்னது அவள். வயர்க் கட்டோடு சேர்த்து வாரிப் பெட்டியில் போட்டதும் அவள்தான். அன்று எடை பார்க்கத் தோன்றவில்லை. தன் கைமேல் யாராவது சந்தேகப்படுவார்களா?

முகம் காது வரை எரிந்தது. வெட்கம். இத்தனை பேர் முன்னால், மாதா சுரூபத்துக்கு எதிரில், ஒரு பையனைத் திருடன் என்று சொல்லிக் கும்பிட்டிருக்கிறாள். அதற்கு ஊரே ஆமென் போட்டிருக்கிறது.

"மா?" ஸ்டெஃபனி பக்கத்தில் நின்றாள். அம்மாவின் கையில் இருப்பதைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துபோனது. அவள் திட்டவில்லை. சார்ஜரைப் பிடுங்காத குறையாக வாங்கி, பையிலிருந்த லேப்டாப்பில் செருகிச் சுவரில் மாட்டினாள். ஓரத்தில் வெள்ளை விளக்கு எரிந்தது.

ஸ்டெஃபனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இருக்கு மா. எல்லாம் அப்படியே இருக்கு. ராத்திரிக்குள்ள முடிச்சு அனுப்பிடுவேன்."

மிஷினை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் அப்பாவோட கார்ல உக்கார்றேன். நீங்க போய் அத்தைகிட்டச் சொல்லிட்டு வாங்க. மைக்ல சொன்னீங்கல்ல, நேர்லயும் சொல்லுங்க."

அகத்தா எழுந்தாள். எரிந்துபோன லேசான அடாப்டரைக் கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். வெறும் வாயால் மன்னிப்புக் கேட்பதைவிட, இதைக் காட்டிச் சொன்னால் நாத்தனார் கொஞ்சமாவது சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை.

சமையலறையில் எவலின் தனியாக நின்று கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினாள்.

"அண்ணி, நான் வந்து... அந்த மன்றாட்டு..."

எவலின் திரும்பவில்லை. "உனக்கு யார் சொன்னா? தம்பியா?"

"என்ன அண்ணி?"

"எனக்குத் தெரியும், டெஸ்மண்டால உன்கிட்ட ரொம்ப நாளைக்கு மறைக்க முடியாதுன்னு. ஆனா நீ இப்படி எல்லார் முன்னாலயும் கேப்பேன்னு நான் நெனக்கல அகத்தா." எவலினின் தோள் குலுங்கியது. "ரோனால்ட் எடுத்தது தப்புதான். தஞ்சோங் டாவாய்ல இருந்து வர்றப்பவே கார்ல ஸ்டெஃபனி பையிலருந்து எடுத்திருக்கான். எதுக்குன்னு அடிச்சுக் கேட்டும் சொல்ல மாட்டேங்கிறான். தம்பிதான் கையும் களவுமாப் பிடிச்சான். 'அகத்தாவுக்குத் தெரிய வேணாம்க்கா, நான் பாத்துக்குறேன்'னு சொன்னான்."

அகத்தாவுக்குத் தான் என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோனது. போனது போகட்டும் விடு அகத்தா, மீன் கடையில விழுந்திருக்கும். அந்தக் குரல் காதுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. எத்தனை அன்பாகச் சொன்னான். எத்தனை முறை சொன்னான்.

வெளியே டெஸ்மண்ட் கார் ஹாரனை இரண்டு தடவை அடித்தான். "அகத்தா, வா லா! மழை வருது!"

அவள் கையிலிருந்த அடாப்டரைக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணி, செயின் இப்ப யார்கிட்ட இருக்கு?"

எவலின் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஹாரன் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள்.